முகத்தின் மேல் பழி இல்லை

எங்கள் குடும்பத்துக் கல்யாண ஆல்பங்களில் பெரியம்மாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஒரு படத்தில் சாம்பார் வாளியோடு அவர் முழங்கை தெரியும். இன்னொன்றில் மாப்பிள்ளையின் மாலைக்குப் பின்னால் பாதி நெற்றி. கேமரா வரும் நேரம் பார்த்து அவருக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். ஏன் பெரியம்மா என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "எனக்குப் போட்டோல மூஞ்சி நல்லா வராதுடா தம்பி. நீங்க எடுத்துக்குங்க."

இப்படிச் சொல்லும் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். நேரில் பார்த்தால் களையான முகம். படத்தில் மட்டும் மூக்கு பெருத்து, கண் குழிந்து, நிறம் செத்து, வேறு யாரோ போல இருக்கும். ஆதார் அட்டை, பேருந்து பாஸ், கல்யாணக் கூட்டம் என்று ஒவ்வொரு தடவையும் அந்த வேறு யாரையோ பார்த்துப் பார்த்து, குறை தன் முகத்தில்தான் என்று அவர்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. எவ்வளவு தூரத்தில் நின்றோம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தக் கணத்தில் அமுக்கினோம் என்பவைதான் படத்தில் முகத்தைத் தீர்மானிக்கின்றன. அத்தனையும் படம் எடுப்பவர் கையில் இருக்கிறது. எடுக்கப்படுபவர் கையில் ஒன்றுமே இல்லை.

தூரத்திலிருந்து தொடங்கலாம். முகம் தட்டையான பொருள் இல்லை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில், முன்பின்னாக அளந்தால், சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும். செல்ஃபிக்குக் கையை மடக்கிப் பிடிக்கிறோமே, அப்போது மூக்கு கேமராவிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கிட்ட இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் பதியும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அதாவது, காதோடு ஒப்பிட்டால் மூக்கு இருக்க வேண்டியதைவிட 40 சதவீதம் பெரிதாகப் பதிகிறது. அதே ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். 212-ஐ 200-ஆல் வகுத்தால் 1.06. கோளாறு 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. முகம் மாறவில்லை, நாம் நாலு எட்டு பின்னால் போனோம், அவ்வளவுதான்.

இது மருத்துவர்கள் கவனிக்கும் அளவுக்குப் போய்விட்ட விஷயம். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வரும் நோயாளிகளைப் பார்த்த அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர், கணினி வல்லுநர்களோடு சேர்ந்து இதைக் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார். 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில், முகத்தின் அகலத்தோடு ஒப்பிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது. ஐந்தடி தூரத்தில் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. இல்லாத குறைக்குக் கத்தி வைக்கக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"85 மி.மீ. லென்ஸ் போட்டால் முகம் அழகாக வரும்" என்று கேமரா வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் காரணம் லென்ஸின் கண்ணாடியில் இல்லை. அந்த லென்ஸில் முகம் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் நாம் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். வேலையைச் செய்வது அந்தத் தூரம். ஆகவே விலை கூடிய கேமரா இல்லையே என்ற கவலை வேண்டாம். போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொண்டு, முகம் சரியாக அடங்கும் வரை பின்னால் நகருங்கள். ஜூம் போட்டால் படத்தின் தரம் குறைகிறது என்று தோன்றினால் ஜூம் இல்லாமல் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிவிடலாம். முகத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றாகவே வரும்.

கூட்டமாக எடுக்கும்போது இன்னொன்று. போனின் அகலக் கோண லென்ஸ், சட்டத்தின் ஓரத்தில் இருப்பவர்களை வெளிப்பக்கமாக இழுத்து நீட்டிவிடும். வரிசையின் கடைசியில் நிற்கும் சித்தப்பா படத்தில் பத்துக் கிலோ கூடியவர் போல் தெரிவது அதனால்தான். எல்லாரையும் நடுப்பக்கம் நெருக்கி நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். ஓரத்தில் ஆள் நின்றே ஆக வேண்டுமானால் ஒல்லியானவர் நிற்கட்டும். குழந்தையை எடுப்பதானால் குத்துக்காலிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நின்ற வாக்கில் எடுத்தால் தலை பெருத்துக் கால் சூம்பிய குழந்தைதான் கிடைக்கும். தூரம் பற்றி இவ்வளவு போதும்.

வெளிச்சம்தான் பெரிய விஷயம்.

ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சென்னையில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. மற்ற மாதங்களிலும் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் மேலிருந்துதான் இறங்குகிறது. மேலிருந்து வரும் ஒளியில் புருவ எலும்பு கண்குழிக்குள் நிழலைப் போடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். தாடைக்குக் கீழே கழுத்தே இருக்காது. போதாக்குறைக்கு, வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலமுள்ள சின்ன வட்டம். ஒளி தரும் பொருள் நம் கண்ணுக்கு எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ, அது போடும் நிழலின் விளிம்பு அவ்வளவு கூர்மை. நடுப்பகல் வெயிலில் ஒவ்வொரு சுருக்கமும் கோடு கிழித்தது போல வருவதற்கு அந்த அரைப் பாகைதான் காரணம். மேகம் மறைத்ததும் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. நிழலின் விளிம்பு கரைந்து, அதே சுருக்கம் மென்மையாக வருகிறது. மப்பும் மந்தாரமுமான நாளில் "வெளிச்சம் இல்லையே" என்று கேமராவை மூடி வைப்பவர்கள் மனிதர்களைப் படமெடுக்க மிக நல்ல நாளை விட்டுவிடுகிறார்கள்.

மாலை வெயில் அழகு என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் ஊரில் அது நீடிப்பதில்லை என்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடுகிறது. மார்ச் மாதக் கடைசியில் சென்னையில் அடிவானத்துக்கு மேலுள்ள கடைசிப் பத்துப் பாகையைக் கடக்க அதற்கு 40 நிமிடம்தான். அதே நாளில் லண்டனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினால் பொன்வெயில் போய் இருட்டிவிடும். ஆளை முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டு வெயிலுக்காகக் காத்திருங்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு ஸ்டூடியோ நம் பழைய வீடுகளில் கட்டியே இருக்கிறது. திண்ணையைச் சொல்கிறேன். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் தலையில் விழாது. எதிரே தெரு திறந்து கிடப்பதால் அங்கே தெரியும் வானமும் எதிர்வீட்டுச் சுவரும் அகலமான ஒளியாக முகத்துக்கு நேரே வருகின்றன. வாசல் தரையில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பிக் கண்குழியையும் தாடையின் அடியையும் நிரப்புகிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மூன்று விளக்குகள் செய்கிற வேலை இது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குப் பால்கனிக் கதவு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் பெரிய ஜன்னல். ஆளை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், முகத்தை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பி உட்காரவையுங்கள். மறு கன்னம் மிகவும் இருண்டு போனால் அந்தப் பக்கம் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். சினிமாக்காரர்கள் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துச் செய்வதும் இதைத்தான்.

வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று அறிய ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்: எதிராளியின் கண். கருவிழியின் மேலுள்ள ஈரப் பரப்பு ஒரு குட்டிக் குவியாடி. முன்னால் என்ன ஒளி இருக்கிறதோ அது அங்கே சின்னதாகத் தெரியும். ஜன்னலானால் ஒரு வெள்ளைக் கட்டம், டியூப்லைட்டானால் ஒரு கோடு, திண்ணையானால் கண்ணின் மேற்பாதி முழுக்க ஒரு வெளிச்சப் பட்டை. அந்தப் புள்ளி இருந்தால் கண் உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், அது வந்து விழும் வரை. பத்திரிகையில் வரும் ஒரு நல்ல உருவப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணைப் பார்த்தால், எடுத்தவர் எந்த விளக்கை எங்கே வைத்தார் என்பதையே படித்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதவே காரணம். நம் ஊரில் "படத்தில் நன்றாக வராது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் நிறம் கறுத்தவர்கள். கறுப்புத் தோலைப் படமெடுப்பது கடினம் என்று போட்டோக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கடினம் இல்லை, வேறு மாதிரி, அவ்வளவுதான்.

தோலில் படும் ஒளி இரண்டு வழியாகத் திரும்பி வருகிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும். நேராக விழும் ஒளியில் இது நூற்றுக்கு நாலைந்து பங்கு. எந்த நிறத் தோலானாலும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சம் தோலுக்குள் நுழைந்து, அங்கே இங்கே சிதறி, மெலனின் என்ற நிறமி உறிஞ்சியது போக மீதியாக வெளியே வரும். வெளுத்த தோலில் இந்த இரண்டாவது பங்கு மிக அதிகம். ஒளி எப்படி விழுந்தாலும் முகம் தெரிந்துவிடும். கறுத்த தோலில் அது குறைவு. எனவே முகத்தின் வடிவத்தைக் காட்டும் பொறுப்பில் பெரும்பகுதி முதல் பங்குக்கு, அந்தப் பளபளப்புக்கு, வந்துவிடுகிறது.

பளபளப்பு என்பது ஒளிமூலத்தின் பிரதிபலிப்பு. மூலம் சிறிதாக இருந்தால், கேமரா ஃபிளாஷ் போல, நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டுகள் விழும்; சுற்றிலும் இருட்டு. மூலம் பெரிதாக இருந்தால் அந்தப் பொட்டுகள் விரிந்து பரவி, கன்னத்து எலும்பிலும் தாடை ஓரத்திலும் நீளமான ஒளிப் பட்டைகளாகும். சாய்வாக விழும் ஒளி நேராக விழுவதைவிட அதிகம் தெறிக்கும் என்பதால், பெரிய ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் கறுத்த முகம் உளி கொண்டு செதுக்கியது போல எழுந்து நிற்கும். வெளுத்த தோலில் இந்த அழகு இவ்வளவு துலக்கமாக வராது. கோயில் கருங்கல் சிலைக்கு எண்ணெய்க் காப்பிட்டபின் அதன் முகவெட்டு தெளிவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே நடப்பதும் இதுவேதான்.

ஆனால் படம் எடுக்கப் போகுமுன் நாம் என்ன செய்கிறோம்? முகம் கழுவி, பவுடர் போடுகிறோம். பவுடரின் நுண்துகள்கள் அந்தப் பளபளப்பைச் சிதறடித்து, முகத்தின் மேல் ஒரு சாம்பல் படலத்தைப் போர்த்துகின்றன. வடிவத்தைச் சொல்லும் ஒளியை நாமே அழித்துவிட்டு, முகம் மொத்தையாக வருகிறது என்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'இன்செக்யூர்'-இன் ஒளிப்பதிவாளர் அவா பெர்காஃப்ஸ்கி 2017-இல் தன் முறையை விளக்கியபோது நேர் எதிரானதைச் சொன்னார்: கறுப்பின நடிகர்களின் முகத்தில் மினுக்கம் தரும் ஈரப்பூச்சைத் தடவிவிட்டுப் பெரிய, மென்மையான ஒளியை அதில் பிரதிபலிக்க வைக்கிறார். நம் வீட்டில் முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து முகத்தில் ஒற்றினால் அதே பலன். பெரிய ஒளியில் மட்டும்தான் இது செல்லும் என்பதை மறக்கக் கூடாது. ஃபிளாஷ் அடித்தால் எண்ணெய் வழிவதாகத்தான் தெரியும்.

கேமராவின் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் ஒளியளவி, முன்னால் இருப்பதை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தாத்தா நிற்கிறார் என்றால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. சட்டை அழகாக வரும். தாத்தாவின் முகம் போய்விடும். இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்துகொள்கின்றன என்றாலும் முழுக்க நம்ப வேண்டாம். திரையில் முகத்தின் மேல் விரலால் தட்டுங்கள். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதை மெல்ல மேலே தள்ளி, முகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்ததும் நிறுத்துங்கள். சட்டை கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும். படம் சட்டைக்காக இல்லை.

இந்தச் சாய்வு கருவிக்குள்ளேயே நெடுங்காலம் இருந்தது. 1950-களிலிருந்து கோடக் நிறுவனம் கலர் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி என்பவர் அதில் முதலில் நின்றதால், பிறகு யார் நின்றாலும் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோலின் நுட்பங்கள் அந்த அளவுகோலில் இடம்பெறவே இல்லை. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டி 2009-இல் எழுதினார். ஃபிலிமின் இந்தக் குறையைச் சரிசெய்யக் கோடக்கைத் தூண்டியவற்றில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் செய்பவர்களும் கொடுத்த புகார்கள் முக்கியமானவை என்று அதில் பதிவுசெய்திருக்கிறார். விளம்பரப் படங்களில் தங்கள் பொருளின் கரும்பழுப்பு வகைகள் பிரிந்து தெரியவில்லை என்பது அவர்களுடைய புகார். மனிதர்கள் வெகுகாலமாகக் கறுத்து மங்கிப்போய்க்கொண்டிருந்தார்கள். அளவுகோலை அசைக்கச் சாக்லேட் தேவைப்பட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது 2022-இல்தான். கேமரா மென்பொருள்கள் எல்லா நிறத் தோலையும் சமமாகப் பார்க்கின்றனவா என்று சோதிக்க உதவும் அளவுகோல்களில் அதுவும் ஒன்று.

நம்மிடம் இதற்கு முன்பே ஒரு பள்ளி இருந்தது. மட்டக்களப்பில் பிறந்து தமிழ் சினிமாவுக்கு வந்த பாலு மகேந்திரா, ஜன்னலும் வாசலும் தருகிற ஒளியை நம்பிப் படமெடுத்தவர். 'அழியாத கோலங்க'ளில் ஷோபாவையும் 'வீடு' படத்தில் அர்ச்சனாவையும் பாருங்கள். மாநிறமும் கறுப்புமான முகங்கள், பூச்சின் மேல் சாயாமல், விழுகிற ஒளியாலேயே அழகாக நிற்கின்றன. மக்களைப் படமெடுக்கக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் 'வீடு' பார்க்கச் சொல்வேன், சத்தத்தை அணைத்துவிட்டு.

ஆகவே கல்யாண ஆல்பத்தில் மணமகளின் முகத்தைக் கணினியில் இரண்டு மூன்று படி வெளுக்கவைக்கும் பழக்கத்தை நான் குற்றம் என்றே சொல்வேன். கைகள் ஒரு நிறம், முகம் ஒரு நிறம். நாற்பது வருடம் கழித்துப் பேத்தி பார்க்கும்போது அதில் இருப்பது அவள் பாட்டி இல்லை. போன்களிலும் 'பியூட்டி' என்ற பெயரில் இதே வேலை தானாக நடக்கக்கூடும். கேமரா அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

நிறம் கெட இன்னும் இரண்டு சின்னக் காரணங்கள் உண்டு. நம் வீட்டுச் சுவர்களுக்குக் கிளிப்பச்சையும் ரோஸும் நீலமும் அடிப்போம். பச்சைச் சுவரை ஒட்டி ஆள் நின்றால் சுவரில் பட்ட ஒளி பச்சையாகித் திரும்பி வந்து கன்னத்தில் பூசிவிடும். கண்ணுக்கு இது தெரியாது, மூளை சரிசெய்துவிடும்; கேமரா விடாது. சுவரைவிட்டு ஐந்தாறு அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். மற்றொன்று, மலிவான எல்.இ.டி. பல்புகள். விளக்கின் நிறத்தரத்தைச் சொல்லப் பெட்டியில் போடும் எண், எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. தோலுக்கு உயிர் தருவது உள்ளே ஓடும் இரத்தத்தின் சிவப்பு. அந்தச் சிவப்பு விளக்கில் இல்லாதபோது முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்தது போல வரும். பகலில் அந்த பல்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மீட்டரில் விழும் ஒளி நாலு மீட்டரில் கால் பங்காகிவிடும். மண்டபத்தில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை பேயாகத் தெரிவது இதனால். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருந்தால் ஒளி நேரே கண்மணிக்குள் போய், விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் பட்டுச் சிவப்பாகத் திரும்பும். சிவந்த கண்ணின் கதை அதுதான். வெள்ளைக் கூரை இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அதில் அடியுங்கள். திருப்ப முடியாத ஃபிளாஷ் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, தூரமும் ஒளியும் அமைந்துவிட்டன. கணம் மிச்சம் இருக்கிறது.

மனிதன் நிமிடத்துக்குப் பதினாறு தடவை இமைக்கிறான், ஒவ்வொன்றும் கால் விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 விநாடியில் 4 விநாடி கண் மூடியிருக்கிறது; பதினைந்தில் ஒரு பங்கு. ஓர் ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. முகூர்த்தம் முடிந்து முப்பது பேர் மேடையில் நிற்கிறார்கள் என்றால், முப்பது பேர் கண்ணும் ஒரே நேரம் திறந்திருக்க வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். ஆஸ்திரேலிய இயற்பியலாளர் பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் இதை ஒழுங்காகக் கணக்கிட்டு ஓர் எளிய விதி தந்தார்கள். இருபதுக்குக் குறைந்த கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள். வெளிச்சம் குறைவானால் இரண்டால். அத்தனை படம் எடுத்தால் அநேகமாக ஒன்றிலாவது எல்லாக் கண்ணும் திறந்திருக்கும். பன்னிரண்டு பேருக்குப் பகலில் நாலு, இரவில் ஆறு. சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2006-இல் இதற்குக் கிடைத்தது. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறேன், கைவிட்டதில்லை.

கண் திறந்திருந்தாலும், பேசிக்கொண்டிருக்கும் முகத்திலிருந்து வெட்டிய ஒரு கணம் அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. ஒருவர் பேசும் வீடியோவையும், அதிலிருந்து எடுத்த தனித்தனிப் படங்களையும் காட்டி மதிப்பெண் போடச் சொன்ன ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. வீடியோவில் இருந்த அதே முகங்கள் தனிப் படங்களில் குறைவான மதிப்பெண் வாங்கின. நேரில் நாம் காண்பது ஓடும் முகம். நம் மூளை அதைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒரு கணத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் பாதி வாயும் அரைக் கண்ணும்தான் மாட்டும். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு "உனக்கு வரல" என்று சொல்வது அநியாயம்.

சிரிப்புக்கும் உடலியல் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தில் தொடுவுணர்ச்சி மரத்துப்போன ஒரு முதியவரின் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படமெடுத்து 1862-இல் புத்தகமாகப் போட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நம் சொல் கேட்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசைகிறது என்றார். கண் தசையையும் பலரால் நினைத்தபோது அசைக்க முடியும் என்று பிற்கால ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் "ஸ்மைல் ப்ளீஸ்", "ஈ-ன்னு சொல்லுங்க" என்று கேட்டால் கிடைப்பது அநேகமாக வாயின் சிரிப்பு மட்டுமே. ஆகவே கேட்காதீர்கள். படம் எடுத்து முடித்துவிட்டதாகச் சொல்லிக் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். எதிரே மூச்சு விட்டுத் தோள் தளரும். அந்த நொடியில் எடுங்கள். இல்லாவிட்டால் அவருக்குப் பிடித்த வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

பெரியம்மாவிடம் நான் அதைத்தான் செய்தேன். கும்பகோணத்துப் பக்கம் அவர் ஊர். இன்னும் திண்ணை உள்ள வீடு. மாசி மாதம், மாலை ஐந்தரை. பவுடர் வேண்டாம், முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்க பெரியம்மா என்று கூப்பிட்டேன். தெருவைப் பார்த்த மாதிரி உட்காரவைத்து, இரண்டு மீட்டர் தள்ளிப் படியில் நான் உட்கார்ந்தேன். கண்ணைப் பார்த்தேன்; எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் அங்கே வெளிச்சமாக விழுந்திருந்தது. நூறு பேர் பந்திக்கு எத்தனை படி அரிசி போடுவீங்க என்று கேட்டேன். "பச்சரிசியா, புழுங்கலா?" என்று தொடங்கியவர் அடுப்பு, விறகு, ரசத்துக்குப் புளி என்று போய்க்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு படம் எடுத்தேன். பதினேழாவதில் கன்னத்து எலும்பில் ஒளி ஒரு கோடாக ஓடி, மூக்குத்திக் கல்லில் போய்ப் பொறியாக நின்றது.

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூக்குத்தி பக்கம் மாறிக் கிடக்கே" என்றார்.

அவர் சொன்னதில் ஓர் ஆய்வே அடங்கியிருக்கிறது. தன் முகத்தை அவர் ஆயுள் முழுக்கக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். வலது மூக்குத்தி கண்ணாடியில் வலப்பக்கமாகவே தெரியும். படத்தில் அது பார்ப்பவரின் இடப்பக்கம் போய்விடும். வகிடு, மச்சம், கொஞ்சம் உயர்ந்த புருவம் எல்லாம் இப்படிப் பக்கம் மாறும்போது, பழகிய முகம் கோணலாகத் தோன்றுகிறது. 1977-இல் அமெரிக்காவில் மீட்டாவும் அவர் கூட்டாளிகளும், பெண்களிடம் அவர்களுடைய நேர்ப்படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். பெரும்பாலான பெண்கள் தங்கள் கண்ணாடி முகத்தையே தேர்ந்தார்கள். அவர்களுடைய நெருங்கியவர்கள் தேர்ந்ததோ நேர்ப்படத்தை. எது பழக்கமோ அது அழகு.

போனிலேயே படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டினேன். "இதான் நான்" என்றார் பெரியம்மா. இரண்டையும் பிரிண்ட் போட்டோம். திருப்பிய படம் அவர் பெட்டியில், பட்டுப்புடவைக்கு மேலே இருக்கிறது. நேர்ப்படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

எத்தனையோ வீடுகளில், ஒருவர் போன பிறகுதான் படம் தேடுகிறார்கள். ஆதார் அட்டையிலிருந்தோ கல்யாணக் கூட்டத்திலிருந்தோ ஒரு முகத்தைப் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் கேமராவைக் கண்டதும் அடுப்படிக்குள் போகிறவர் ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்ததும் அவரை வாசலுக்குக் கூப்பிடுங்கள். நல்லதாக ஒன்றை எடுத்து, போனிலேயே விட்டுவிடாமல், பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள்.